தரிசு என்று குறிக்கப்படும் ஏரி

என் அப்பா பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவியை அரசு ஒழிக்கும்வரை பசலிக்குப் பசலி அடங்கல் எழுதினார். எந்தச் சர்வே எண்ணில் சம்பா, எதில் வேர்க்கடலை, எது தரிசு என்று வயல் வயலாக நடந்து பார்த்துத்தான் எழுதுவார். பிறகு வருவாய் ஆய்வாளர் வந்து சரிபார்ப்பார். ஜமாபந்தியில் கணக்கு கேட்பார்கள். நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் துண்டு துண்டாகப் பதிந்து வைக்கும் வழக்கம், செயற்கைக்கோள் பறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊரில் இருந்தது.

நான் புள்ளியியல் படித்து, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அதையே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். குடியிருப்பது திருமுல்லைவாயலில். அப்பா நடந்து எழுதியதை இப்போது வானத்திலிருந்து படமெடுத்து எழுதுகிறார்கள். அந்தப் படங்களின் மேல் நிகழ்தகவுக் கணக்கைப் போட்டு, இன்னும் பத்து, இருபது ஆண்டில் இந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று வண்ண வரைபடமும் தருகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழுவினர் சென்னைக்கு இப்படிப்பட்ட ஆய்வைச் செய்திருக்கிறார்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்திலும் இது பல காலமாக நடக்கும் வேலை. இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அதனாலேயே, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த திட்டத்தின் மேசையில் இந்த வரைபடங்கள் இருக்கும்.

முதலில் படங்கள். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் பறந்தது. நம்முடைய ஐஆர்எஸ்-1ஏ 1988 மார்ச்சில் பறந்தது. லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து யாருக்கும் இலவசம். 142-ஆம் பாதை, 51-ஆம் வரிசை என்று கேட்டால் சென்னை வரும். என் மாணவிகள் கல்லூரிக் கணினியிலேயே அவற்றை இறக்கி வேலை செய்திருக்கிறார்கள். செடிகொடி சிவப்பாகவும், தண்ணீர் கறுப்பாகவும், கட்டடம் வெளிர் நீலச் சாம்பலாகவும் தெரியும்படி வண்ணம் அமைப்பது வழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்துப் படத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்க் பேக்டரியும் தனித்தனிச் சாம்பல் திட்டுகள். அவற்றைச் சுற்றிச் சிவப்பும் கறுப்பும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு, அயப்பாக்கம், தெற்கே பெரிதாகச் செம்பரம்பாக்கம் என்று கறுப்புக்குப் பஞ்சமே இல்லை. பிறகு மதுரவாயல் வழியாகப் புறவழிச்சாலை வருகிறது. அடுத்து வண்டலூரிலிருந்து நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. கோடு விழுந்த இடமெல்லாம் இரண்டு பக்கமும் சாம்பல் முளைக்கிறது. இதைப் பார்த்த எந்த மாணவியும் சும்மா இருந்ததில்லை. தன் வீடு எந்தத் திட்டில் இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவாள்.

இந்த வேலையில் நிகழ்தகவு இரண்டு இடங்களில் நுழைகிறது. முதல் இடம், படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைப்பது. ஒரு கட்டத்திலிருந்து வரும் ஒளியின் அளவுகளைப் பார்த்து, இது தண்ணீராக இருக்க எவ்வளவு வாய்ப்பு, கட்டடமாக இருக்க எவ்வளவு, தரிசாக இருக்க எவ்வளவு என்று கணினி கணக்கிடும். எதற்கு வாய்ப்பு அதிகமோ அந்தப் பெயர் விழும். வரைபடத்தில் அது ஒரே நிறமாக, ஐயமே இல்லாததுபோல் தெரியும். தண்ணீருக்கு நாற்பது, தரிசுக்கு நாற்பத்தைந்து என்று இழுபறியாக வந்த கட்டமும் 'தரிசு' என்றே அச்சாகும்.

நம் பக்கத்து ஏரிகளுக்கு இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. ஏரிகள் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழுக்க மேகம். அப்போது ஒளிப்படம் எடுத்துப் பயனில்லை. ஆகவே மேகமில்லாத மாசி முதல் வைகாசி வரையிலான படங்களைத்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மாதங்களில் பாதி ஏரிகளின் உள்வாய் வறண்டு வெடித்துக் கிடக்கும். செயற்கைக்கோளுக்கு அது வெற்றுமண். ஆகாயத்தாமரை மூடிய ஏரியோ செடிகொடி. இப்படி ஏரி தன் பெயரை முதல் படியிலேயே இழக்கிறது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் படங்கள் இன்று கிடைக்கின்றன. 2015 வெள்ளத்தின்போது ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் ராடார் படங்களைக் கொண்டு வெள்ளப் பரப்பை வரைந்து தந்தது. மழைக்காலத்து ராடார் படத்தையும் கோடைப் படத்தையும் சேர்த்துப் பார்க்காத எந்த நில வரைபடத்தையும் சென்னையின் மேற்குப் புறநகருக்கு ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டத்தின் அளவும் ஒரு பிரச்சினை. லேண்ட்சாட் கட்டம் முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய நாலு கிரவுண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் அது பத்து மீட்டராகக் குறைகிறது. அரைக் கிரவுண்டுக்குள் அடங்கும். அப்படியும் பத்துப் பதினைந்து அடி அகலமுள்ள வரத்துக் கால்வாய் அதில் அகப்படாது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூருக்கு, அங்கிருந்து மாதவரத்துக்கு என்று சங்கிலியாகப் போக வேண்டிய அமைப்பு இது. ஏரியை முழுசாக விட்டுவைத்து, கால்வாயை மட்டும் அடைத்தால் போதும், சங்கிலி அறுந்துவிடும். படத்தில் ஒரு கட்டம்கூட நிறம் மாறாது. 'நீர்ப்பரப்பில் மாற்றமில்லை' என்று அட்டவணை சொல்லும், தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

நிகழ்தகவு நுழையும் இரண்டாவது இடம், எதிர்காலம். இங்கே வருவது மார்க்கோவ் சங்கிலி. ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரே மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, ஓர் உயிரெழுத்தை அடுத்து மெய்யெழுத்து வர எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணிப் பார்த்தார். அதே முறைதான் நிலத்துக்கும். இரண்டு ஆண்டுகளின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அன்று தரிசாக இருந்தவற்றில் எத்தனை பங்கு இன்று கட்டடம், எத்தனை பங்கு இன்னும் தரிசு என்று எண்ண வேண்டும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: நூறு தரிசுக் கட்டங்களில் பத்தாண்டில் நாற்பது கட்டடமாயின என்று வைத்துக்கொள்வோம். தரிசு கட்டடமாவதற்கு நிகழ்தகவு 0.4. அடுத்த பத்தாண்டிலும் மிஞ்சிய தரிசில் அதே பங்கு கட்டடமாகும் என்று கணக்கு ஓடும். எந்தக் கட்டம் மாறும் என்பதை அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து முடிவு செய்வார்கள். சுற்றிலும் வீடு இருந்தால் நடுவில் உள்ள காலியிடமும் வீடாகும் என்பது விதி. மனை வியாபாரிகள் எல்லோருக்கும் தெரிந்த விதிதான்.

கட்டடம் மறுபடி வயலாவதில்லை. ஆகவே இந்த நிகழ்தகவுகளை அட்டவணையாக எழுதும்போது 'கட்டடம்' என்ற வரிசையில் 'கட்டடமாகவே இருக்கும்' என்பதற்கு நேரே கிட்டத்தட்ட 1 என்று எழுதப்படும். சங்கிலியில் அந்த எண் முழு 1 ஆகவே வைக்கப்பட்டு, மற்ற நிலைகளிலிருந்து கட்டடத்துக்குப் போகவும் வழி இருந்தால், போதிய காலம் விட்டால் எல்லாக் கட்டங்களும் அங்கேதான் போய்ச் சேரும். எண்கள் எவ்வளவு சிறியவையாக இருந்தாலும் முடிவு மாறாது. ஆக, '2040-இல் பெரும்பகுதி கட்டடமாகிவிடும்' என்று ஒரு கணித மாதிரி சொன்னால், அதில் எவ்வளவு ஆவடியைப் பற்றிய உண்மை, எவ்வளவு அட்டவணையின் இயல்பு என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல், 'எப்படியும் கட்டடமாகத்தானே போகிறது' என்று சொல்லி நில வகைப்பாட்டை மாற்றினால், கணிப்பு தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும். இதுதான் எனக்குப் பெரிய அச்சம். அந்த 0.4 வானத்திலிருந்து விழவில்லை. யாரோ கொடுத்த மனைப்பிரிவு அனுமதி, யாரோ பார்க்காமல் விட்ட ஆக்கிரமிப்பு, அரசே போட்ட சாலை, அரசே கட்டிய குடியிருப்பு எல்லாம் சேர்ந்த தொகைதான் அது. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்ற முகவரியில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் வசிக்கிறார்கள். அதை உருவாக்கியது வீட்டுவசதி வாரியம். நாம் எடுத்த முடிவுகளால் ஆன எண்ணை, நம் அடுத்த முடிவால் மாற்றவும் முடியும். 2007-இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்ததே அதற்காகத்தான். பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து 2019-இல் பூங்காவாகத் திறந்தபோது, அந்த ஏரியின் வரிசையில் 'தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்' என்ற எண் கூடியது.

மார்க்கோவ் சங்கிலிக்கு இன்னொரு குணம் உண்டு: இன்றைய நிலை மட்டும்தான் அதற்குத் தெரியும், நேற்றைய நிலை தெரியாது. இருபது ஆண்டு முன்பு ஏரியாக இருந்து இன்று காலி மனையாகக் கிடக்கும் கட்டமும், என்றைக்குமே மேட்டுப் புன்செயாக இருந்த கட்டமும் அதற்கு ஒன்றுதான், இரண்டும் 'தரிசு'. தண்ணீருக்கு அப்படியில்லை. பள்ளம் எங்கே என்பதை அது மறப்பதில்லை. 2015-இல் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் வீடுகளுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் புகுந்து சிறு பட்டறைகளின் இயந்திரங்களை மூழ்கடித்தது. கடன் வாங்கி லேத் போட்ட பட்டறைக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும். என் மாணவிகளின் அப்பாக்கள் அவர்கள்.

இந்த மறதியைக் கணிதத்தாலேயே சரிசெய்யலாம். 'தரிசு' என்று ஒரே வகை வைக்காமல், 'முன்பு நீர்நிலையாக இருந்த தரிசு', 'முன்பு ஆயக்கட்டு நஞ்சையாக இருந்த தரிசு', 'மேட்டுத் தரிசு' என்று பிரித்து, தனித்தனி வரிசை போடலாம். அதற்கான தகவல் வருவாய்த் துறையிடமே இருக்கிறது. அ-பதிவேடும், புலப்பட நூல்களும், என் அப்பா போன்றவர்கள் எழுதிய பழைய அடங்கல்களும் எந்த எண் ஏரிப் புறம்போக்கு, எது வாய்க்கால், எது நஞ்சை என்று சொல்கின்றன. அந்தக் காகிதத்தை இந்தப் படத்தோடு சேர்த்து வைக்காத ஆய்வு பாதி ஆய்வு. செயற்கைக்கோள் காட்டுவது இன்றைய தோற்றம். காகிதம் சொல்வது நிலத்தின் வரலாறு.

இதைக் கேட்டதும், காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு புல்டோசரோடு குடிசைகளை நோக்கிப் போகும் வழக்கமும் நினைவுக்கு வருகிறது. நான் கேட்பது அதுவல்ல. படத்தில் தகரக் கூரையும் அனுமதி பெற்ற அடுக்ககமும் ஒரே சாம்பல்தான். யாருக்கு எப்படி அங்கே இடம் கிடைத்தது என்பது படத்தில் இல்லை. ஏழைகளை மட்டும் அகற்றிவிட்டு, கால்வாயின் மேல் நிற்கும் பெரிய கட்டடத்தை விட்டுவைப்பதற்கு இந்த வரைபடம் துணைபோகக் கூடாது. இனி மாறப்போகும் கட்டங்களைத் தடுப்பதில்தான் இதற்கு முதல் பயன்.

நிர்வாக எல்லைகளும் குழப்பம். 2018-லிருந்து அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரில். ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சியில். ஒரு மாநகராட்சியின் மழைநீர் இன்னொன்றின் தெருவில் வந்து நிற்கிறது. இவற்றையெல்லாம் ஒரே தாளில் பார்க்கும் வசதி செயற்கைக்கோள் படத்துக்கு உண்டு. சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்ட பிறகு அந்த வசதி இன்னும் அவசியமாகிறது. மெட்ரோவும் பூந்தமல்லி வரை நீள்கிறது. பழைய பத்தாண்டின் எண்களை வைத்து மெட்ரோவுக்குப் பிந்தைய பத்தாண்டைக் கணிக்க முடியாது. சாலையும் ரயிலும் வந்தால் அட்டவணையே மாறும். ஆகவே ஒரே ஒரு வரைபடத்தை நீட்டி 'இதுதான் 2046' என்று சொல்வது நேர்மையாகாது. இன்றைய வேகமே நீடித்தால் ஒரு படம், வேகம் கூடினால் ஒன்று, ஏரிகளையும் கால்வாய்களையும் சட்டப்படி காத்தால் ஒன்று என்று மூன்றையும் போட வேண்டும். எந்தக் கட்டத்தில் கணினிக்கே ஐயம் இருக்கிறது என்பதையும் வெளிர் நிறத்தில் காட்ட வேண்டும்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் என் வேண்டுகோள் இது. மூன்றாவது முழுமைத் திட்டத்துக்குப் பயன்படுத்தும் நில வரைபடங்களையும் கணிப்புகளையும், அவற்றின் பிழை அளவோடு, சர்வே எண் வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, வைகாசியில் ஒன்றும் மார்கழியில் ஒன்றுமாக, ஒவ்வொரு ஏரியின் படத்தையும் வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள்.

படிக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். திட்ட வரைவு வெளியானதும் ஆட்சேபணை தெரிவிக்கச் சட்டப்படி உங்களுக்கு அவகாசம் உண்டு. உங்கள் தெருவின் சர்வே எண் அதில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.