குறை கூறக் கேட்டால் கலங்குவானேன்?

நெசவாளர் ஒருவர் தம் கருத்தில் தோன்றிய புதுமாதிரிச் சேலையைச் சங்கத்திற்குக் கொணர்கிறார். "கரையின் நிறம் உடலோடு ஒட்டவில்லை" என்று அங்கே ஒரு சொல் பிறக்கிறது. கூலியைப் பற்றிய கவலை ஒருபுறம் இருக்க, தம்மையே இகழ்ந்துவிட்டதாக அவர் உள்ளம் நைந்து போகிறது. மறுமுறை அவர் புதியதொன்றை முயலுவதில்லை. பழகிய கட்டத்தையே திரும்பத் திரும்ப நெய்கிறார். இந்த நட்டம் அவருக்கு மட்டுமன்று, சங்கம் முழுமைக்கும் உரியதாகும். ஆகவே இதுபற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

பருத்தி பயிரிடும் நம் அங்கத்தினரைப் பாருங்கள். தரம் காண்பவர் ஒரு பிடி பஞ்சை விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து, சருகு மிகுதி என்கிறார். விவசாயி வருந்துவார், ஆயினும் தம்மை வைததாக எண்ணமாட்டார். அடுத்த முறை, சருகு காய்ந்து பஞ்சில் ஒட்டுமுன் முற்பகலிலேயே பறித்துவிடுவார். நெசவாளருக்கு இம்மனநிலை அத்துணை எளிதன்று என்பதை அறிவோம். பஞ்சில் மண்ணுக்கும் மழைக்கும் பங்குண்டு. புட்டாவோ அவர் நெஞ்சிலே பிறந்தது. எனினும் தறியிலிருந்து அறுத்தெடுத்தபின் துணி வேறு, நெய்தவர் வேறு.

குறைகூறல் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஊடை சீராக விழவில்லை, கரை சுருக்கி இழுக்கிறது, சாயம் விடுகிறது என்பன கையால் தொட்டுக் காட்டக்கூடியவை. இழை எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கலாம். இங்கே வாதத்திற்கு இடமில்லை. குறை மெய்யாயின் திருத்துவதே வழி. "இந்நிறம் எனக்குப் பிடிக்கவில்லை" என்பது மற்றொரு வகை. ஒருவர் சொன்னால் மனத்தில் குறித்துக்கொண்டால் போதும். பலர் அதே இடத்தைச் சுட்டினால் ஆராய வேண்டும். துணியை விட்டு நெய்தவரைப் பழிப்பது மூன்றாம் வகை. அதற்கு விடை கூற வேண்டுவதே இல்லை.

குறையின் பொருளை ஆராய்ந்தறிவது எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் சென்னைக் கட்டத்துணியின் வரலாறு சான்றாகும். அமெரிக்காவில் விற்பனையான அக்கைத்தறித் துணியில் துவைக்குந்தோறும் சாயம் கரைந்து, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வாங்கியவர்கள் முறையிட்டனர். வணிகர்களோ துணியைக் கைவிடவில்லை. சாயம் கரைவது உறுதி என்று முன்னதாகவே விளம்பரம் செய்தனர். 1960-களில் அத்துணியை அங்குள்ள இளைஞர்கள் விரும்பி அணிந்தனர். முன்னறிவிப்பின்றிச் சாயம் போனதுதான் வாங்கியவர்களின் மனக்குறை. சொல்லி விற்றபோது அதுவே சிறப்பாயிற்று. இதனைக் காட்டி எல்லாக் குறையையும் சிறப்பென்று சாதித்துவிட முடியாது. அந்த மோகமும் நெடுநாள் நிற்கவில்லை. முறையிடுபவர் எதை மெய்யாக வெறுக்கிறார் என்று பொறுமையுடன் கேட்டறிதலே நாம் கொள்ளத்தக்க பாடம்.

குறை கூறுவோர்க்கும் கடமை உண்டு. "நன்றாக இல்லை" என்று மட்டும் சொல்லித் துணியைத் தள்ளுவது தகாது. எந்த இடத்தில், என்ன குறை என்று சுட்டவேண்டும்; பலர் முன்னிலையில் சொல்லாது தனியே அழைத்துச் சொல்லவேண்டும். சங்கங்கள் இன்னொன்றும் செய்யலாம். பாவு முழுவதும் நெய்து முடித்தபின் வரும் கண்டனம் கூலியையும் நூலையும் ஒருங்கே விழுங்குகிறது. புதுமாதிரியாயின் முதலில் ஒரு முழம் நெய்து, விற்பனை நிலையத்தாரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம். அம்முழத்திற்குரிய கூலியைச் சங்கமே ஏற்றல் முறையாகும். தொடக்கத்திலேயே கேட்கும் குறையால் இழப்பு சிறிது, திருத்தமும் எளிது.

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் என்னும் புலவர் முன்னிலையில் குற்றமற எடுத்துரைக்கப்பட்டதாக அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. ஏட்டில் எழுதும் நூலை அவையின்முன் வைத்து ஆராய்வது நம் முன்னோர் மரபு. தறியில் ஓடும் நூலுக்கும் அது பொருந்தும். குறை கேட்ட நெசவாளர் அன்றே விடையிறுக்க வேண்டுவதில்லை. இரண்டு நாள் கழித்து அத்துணியை வெளிச்சத்தில் விரித்து, பிறர் கண்கொண்டு பார்க்கட்டும். கொள்வன கொண்டு, தள்ளுவன தள்ளி, மீண்டும் புதுப்பாவு ஏற்றட்டும். அவ்வாறு ஏற்றுபவர்க்குத் துணை நிற்பதே சங்கத்தின் கடமை.