எலியை விட்டு ஏழையைப் பிடித்த சட்டம்

1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டம் நான்கே பிரிவுகளைக் கொண்டு இயற்றப்பட்டது. எலி என்ற சொல்லோ தெள்ளுப்பூச்சி என்ற சொல்லோ அதில் இல்லை. இதில் வியப்பில்லை. எலியின் உடலில் வாழும் தெள்ளே பிளேக்கை மனிதருக்குக் கடத்துகிறது என்பதைப் பால்-லூயி சிமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898இல்தான். ஆனால் காரணம் தெரிந்த பின்னரும் சட்டம் மாறாததை என்னென்பது?

1896இல் பிளேக் தோன்றிய மாண்ட்வி, பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டித் தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. நோயுற்ற எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் வேறு குருதி தேடிப் புறப்படுகின்றன. பெருகிய கிருமி அவற்றின் முன்குடலை அடைத்துவிடுவதால் பசி அடங்குவதில்லை. மீண்டும் மீண்டும் கடிக்கின்றன, கடிக்குந்தோறும் கிருமியை உட்செலுத்துகின்றன. கிடங்கின் அருகே ஒற்றையறைகளில் நெருங்கிப் படுத்தவர்கள் மூட்டை சுமந்தவர்களும் ஆலைத் தொழிலாளர்களும்தாம். கிடங்கின் உடைமையாளர் அங்கே உறங்கவில்லை.

ஏகாதிபத்திய அரசு மனிதரையே நோயாகக் கண்டது. புனேயில் படையினரை வீடு புகச் செய்தது, ரயில் பயணிகளைச் சோதனையிட்டது, உடைமைகளை எரித்தது, மக்களை முகாம்களில் அடைத்தது. நெறிகட்டும் பிளேக்கோ மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தொற்றுவதன்று. 1896 அக்டோபரிலேயே பம்பாயில் ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். அதனை அறியாமை என ஒதுக்குவோர், அறிவு அன்று அரசிடம் இருந்ததா என்பதற்கும் விடை கூறட்டும்.

விடுதலைக்குப் பின்? 1993 செப்டம்பரில் லாத்தூர் நிலநடுக்கம். அண்டை மாவட்டமான பீடில் மக்கள் அஞ்சி வெளியே குடிசையிட்டுத் தங்க, விட்டுவந்த வீடுகளின் தானியத்தில் எலிகள் பெருகின. மறு ஆண்டு ஆகஸ்டில் அங்கே நெறிகட்டும் பிளேக் தலைகாட்டியது. செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் எனும் அச்சம். புலம்பெயர் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஓடினர், தனியார் மருத்துவர்கள் பலரும் ஓடினர்.

2020இல் கோவிட் பரவியபோது ஆட்சியாளர்கள் கையிலெடுத்ததும் இதே சட்டந்தான். சுகாதார ஊழியரைத் தாக்குவோருக்குத் தண்டனை சேர்க்கப்பட்டது, அது தேவையே. வடிகால், காற்றோட்டமுள்ள வீடு, பொது மருத்துவமனைப் படுக்கை ஆகியவற்றை அளிப்பது அரசின் கடமை என்று ஒரு வரி சேர்க்கப்படவில்லை. நல்லெண்ணத்துடன் செயல்பட்டவர்மீது வழக்கில்லை என்னும் நான்காம் பிரிவு மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தச் சொல்லை இத்துணைத் துணிவுடன் ஆளும் வேறொரு பிரதியை இம்மொழிபெயர்ப்பாளன் கண்டதில்லை.