இரத்தத்தில் ஒட்டிய பட்டம்!

பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன், பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் என்கின்ற பைத்தியக்காரத்தனம் நம் நாட்டில் மாத்திரமே உள்ளது என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய் என்று பெருமை பேசப்படும் இங்கிலாந்து தேசத்திலேயே, அதுவும் 1961-ம் வருஷத்திலேயே, ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவரை, "நீ இன்னாருடைய மகன், ஆகையால் உள்ளே வராதே" என்று வாசலில் நிறுத்தி விரட்டினார்கள் என்றால் இதை யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான். அப்படி விரட்டப்பட்டவர் தோழர் டோனி பென். 1950 முதல் 2001 வரை, இடையில் வெளியில் இருந்த காலம் போக, சுமார் 47 வருஷம் காமன்ஸ் சபையில் மெம்பராய் இருந்தவர். 2014-ல் தமது 88-வது வயதில் காலமானார். அவருடைய பொதுவாழ்வில் பகுத்தறிவுள்ள மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதால் இதை எழுதுகின்றோம்.

அவருடைய தகப்பனார் வில்லியம் வெட்ஜ்வுட் பென் நமக்குப் புதியவர் அல்ல. 1929 முதல் 1931 வரை லண்டனில் இந்தியா மந்திரியாய் உட்கார்ந்து நம்மை ஆண்டவர் அவர்தான். முதல் வட்டமேஜை மகாநாடு கூடியது அவர் காலத்தில்தான். யுத்த காலத்தில், பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் போதவில்லை என்பதற்காக 1942-ல் அவருக்கு ஸ்டான்ஸ்கேட் பிரபு என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. வேலைக்காகக் கொடுத்த பட்டம் அவரோடு போய்விட்டால் தொல்லை இல்லை. அந்நாட்டுச் சட்டப்படி அது தகப்பனுக்குப் பின் மூத்த மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று தொடர்ந்து கொண்டே போகும். மூத்த மகன் மைக்கேல் 1944-ல் யுத்தத்தில் விமானப்படையில் மாண்டு போனார். ஆகவே பட்டம் அடுத்த மகனான டோனியின் தலையில் விழக் காத்திருந்தது.

அவரோ 1950 நவம்பரில், 25-வது வயதில், பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் நின்று ஜனங்களின் ஓட்டினால் மெம்பரானவர். பிரபு ஆனவன் காமன்ஸ் சபையில் உட்காரக் கூடாது என்பது அப்போதைய சட்டம். இது தெரிந்து, தகப்பனார் உயிரோடிருக்கும் போதே, 1955-ல், "எனக்கு இந்தப் பட்டம் வேண்டாம், விட்டுவிடுகிறேன்" என்று மசோதாக் கொண்டு போனார். பிரபுக்கள் மறுத்து விட்டார்கள். வேண்டும் என்று கேட்பவனுக்கு இல்லை என்பது உலக வழக்கம். வேண்டாம் என்று சொல்லுகிறவன் தலையில் வைத்து அழுத்துவது பரம்பரைப் பட்டத்தின் யோக்கியதை!

1960 நவம்பர் 17-ல் தகப்பனார் இறந்தார். இறந்த உடனே மகனுடைய மெம்பர் பதவியும் போயிற்று. 1961 மே 4-ல் நடந்த உபதேர்தலில் தோழர் பென் மறுபடியும் நின்றார். அவருக்குப் போடும் ஓட்டு செல்லாமல் போகும் என்பது ஓட்டர்களுக்கு நன்றாய்த் தெரியப்படுத்தப்பட்டிருந்தது. தெரிந்தும் 23,275 பேர் அவருக்கே போட்டார்கள். எதிர்த்து நின்ற கன்சர்வேடிவ் கட்சிக்காரர் மால்கம் செயிண்ட் கிளேருக்குக் கிடைத்தது 10,231. தேர்தல் கோர்ட்டு என்ன செய்தது? 13,044 ஓட்டு அதிகம் வாங்கியவரைத் தள்ளிவிட்டு, தோற்றவரே மெம்பர் என்று தீர்ப்புச் சொல்லிற்று! இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். அப்படி உள்ளே விடப்பட்ட செயிண்ட் கிளேரும் அப்போது ஒரு பிரபுப் பட்டத்துக்கு அடுத்த வாரிசாய் இருந்தவர்தான். பட்டம் வரப்போகிறவர் உள்ளே, பட்டத்தை வீசி எறிகிறவர் வெளியே!

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? பிரபுப் பட்டம் என்பது இரத்தத்தில் ஒட்டிக் கொண்டது, சந்ததிக்குச் சேர்ந்தது, ஆகையால் அதை உதற முடியாது என்ற 17-ம் நூற்றாண்டுச் சட்டக் கொள்கைதான். நாம் கேட்கின்றோம்: எந்த டாக்டர் எந்தக் கண்ணாடியை வைத்து இந்தப் பட்டத்தை இரத்தத்தில் பார்த்தார்? இரத்தத்தில் சிவப்பு அணு உண்டு, வெள்ளை அணு உண்டு. பிரபு அணு என்று ஒன்று உண்டா? நவம்பர் 16-ந் தேதி தோழர் பென் உடம்பில் ஓடிய இரத்தமும் 18-ந் தேதி ஓடிய இரத்தமும் ஒன்றுதானே? முந்திய நாள் ஜனப்பிரதிநிதி, அடுத்த நாள் அந்நியன் என்றால், மாறியது இரத்தமா, அல்லது இரத்தத்தின் பேரால் எழுதி வைத்த பித்தலாட்டமா?

"அவரைக் கீழே தள்ளவில்லையே, மேல் சபைக்குத்தானே அனுப்பினார்கள், இதில் என்ன அவமானம்?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கலாம். அவமானம் பென்னுக்கு மாத்திரம் அல்ல. ஓட்டுப் போட்ட 23,275 பேருக்கும்தான். அவர்கள் விரும்பிய ஆளை அவர்கள் அனுப்பக் கூடாது என்று செத்துப்போன ஒரு பிரபுவின் பட்டம் தடுத்தது. பிறப்பின் பேரால் ஒருவனைத் தூக்கி வைப்பதும், பிறப்பின் பேரால் ஒருவனை மிதித்து வைப்பதும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகளாகும். உயர்ந்த பிறவி என்று ஒன்றை ஒப்புக் கொண்டால், தாழ்ந்த பிறவி என்பதை மறுக்க வாயில்லாமல் போகும்.

நிற்க, தோழர் பென் வீட்டில் போய்ப் படுத்துக் கொள்ளவில்லை. ஊர் ஊராய்ப் பேசினார், கிளர்ச்சி செய்தார். அதன் பலனாக 1963 ஜூலை 31-ல் பட்டத்தைத் துறக்கலாம் என்ற சட்டம் நிறைவேறிற்று. அன்றைக்கே முதல் ஆளாய்த் துறந்தார். செயிண்ட் கிளேரும் தாம் சொல்லியிருந்தபடி ராஜினாமா கொடுத்து வழி விட்டார். அதை ஒப்புக் கொள்ள வேண்டியது நம் கடமை. ஆகஸ்டில் பென் மறுபடியும் மெம்பரானார். ஆனால் கிணறு வெட்டியவர் ஒருவர், முதல் குடம் தண்ணீர் இறைத்தவர் வேறொருவர். அதே 1963 அக்டோபரில் ஹோம் பிரபு என்ற கன்சர்வேடிவ் கனவான் இதே சட்டத்தின்படி தமது பட்டத்தைத் துறந்து, பிரதம மந்திரியாகக் காமன்ஸ் சபைக்கு வந்து சேர்ந்தார்!

அதற்குப் பின் தோழர் பென் 1964-ல் தபால் மந்திரி, 1966-ல் தொழில்நுட்ப மந்திரி, 1974-ல் கைத்தொழில் மந்திரி, 1975 முதல் 1979 வரை எரிபொருள் மந்திரி என்று பல உத்தியோகங்கள் பார்த்தார். தபால் மந்திரியாய் இருக்கும்போது தபால் தலையிலிருந்து ராணியின் தலையை எடுத்துவிடப் பார்த்தார், முடியவில்லை. 1981-ல் கட்சியின் உபதலைவர் பதவிக்கு நின்று நூற்றுக்கு ஒன்று கூட இல்லாத வித்தியாசத்தில் தோற்றார். 1983-ல் பிரிஸ்டலில் தோற்று, 1984-ல் செஸ்டர்பீல்டில் ஜெயித்து, 2001-ல் தாமாகவே விலகினார். உத்தியோகம் பார்த்த பலர் வயதாக ஆக பணக்காரர் பக்கம் சாய்வது வழக்கம். இவரோ வயதாக ஆக தொழிலாளி பக்கமே அதிகம் போனார். "பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு" என்று பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. விளையாட்டுக்காரன் 50 வருஷமா விளையாடுவான்?

அவர் அதிகாரத்தில் உள்ளவர்களைக் கேட்கச் சொன்ன கேள்விகள் ஐந்து. உன்னிடம் உள்ள அதிகாரம் என்ன? அது உனக்கு எங்கிருந்து வந்தது? யாருடைய நன்மைக்காக அதை உபயோகிக்கிறாய்? யாருக்கு நீ பதில் சொல்ல வேண்டும்? உன்னை எப்படி நீக்குவது? இவற்றுள் கடைசிக் கேள்விதான் உயிரானது. நீக்க முடியாதவனிடம் அதிகாரம் கொடுத்துவிட்டு ஜனநாயகம் பேசுவது, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவது போலத்தான்.

ஆனால் தோழர்களே, கதையின் முக்கிய பாகம் இனிமேல்தான் இருக்கிறது. 1963 சட்டம் பட்டத்தை ஒழிக்கவில்லை. துறந்தவர் உயிரோடிருக்கும் வரை மூட்டை கட்டி மூலையில் வைத்தது, அவ்வளவுதான். 1999-ல் வந்த சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை வெளியேற்றிய போதும் 92 பேருக்கு இடம் விட்டு வைத்தது. தோழர் பென் 2014-ல் இறந்தவுடனே மூலையில் இருந்த மூட்டை தானாக அவிழ்ந்து, மூத்த மகன் ஸ்டீபன் ஸ்டான்ஸ்கேட் பிரபு ஆனார். 2021-ல் அந்தப் பரம்பரை இடங்களில் ஒன்று காலியானபோது அவர் போட்டியில்லாமல் பிரபுக்கள் சபையில் போய் அமர்ந்தார். தகப்பன் வாழ்நாளெல்லாம் போராடித் துறந்ததை, சட்டம் மகன் மடியில் கொண்டு வந்து வைத்தது. இதில் அந்த மகன் பேரில் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. இன்னொரு மகன் ஹிலாரி 1999 முதல் ஜனங்களின் ஓட்டு வாங்கியே சபைக்கு வந்தவர். குற்றம் ஆள் மேல் அல்ல, ஏற்பாட்டின் மேல்.

ஆகவே இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று. ஒரு நல்ல மனிதன் தன் உயர்வைத் தானே விட்டுவிடுவது பாராட்டத்தக்கது. ஆனால் அதனால் மாத்திரம் உயர்வு தாழ்வு ஒழிந்து விடாது. கிளையை ஒடித்தால் மரம் மறுபடியும் துளிர்க்கும். வேரை வெட்ட வேண்டும். "நான் என் பிறப்பைப் பெரிதாக எண்ணுவதில்லை" என்று நம்மூரில் சொல்லித் திரிகிற பெரியோர்களையும் நாம் இந்த அளவுகோலைக் கொண்டே அளக்க வேண்டும். நீங்கள் எண்ணாமல் இருப்பது போதுமா? உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைக்கு அந்த உயர்வு தானாய் வரும்படியான ஏற்பாடு அப்படியே இருக்கிறதா, இல்லையா? பிறப்பின் பேரால் உங்கள் முன் யார் வந்து உயரத்தில் உட்கார்ந்தாலும், அந்த ஐந்து கேள்விகளையும் அவர்களிடம் கேளுங்கள். ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அங்கே சுயமரியாதையும் இல்லை என்று தெரிந்து கொள்ளுங்கள்.