40 சதவீதம் எங்கிருந்து வந்தது?

"டேட்டா தரத்தை 40 சதவீதம் உயர்த்தினேன்."

டேட்டா கவர்னன்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் ரெஸ்யூமேயில் இந்த வரி எப்படியும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சிலருக்கு 30, சிலருக்கு 60. இருந்தாலும் 40-தான் ராசியான எண் போலிருக்கிறது! இன்டர்வியூ எடுப்பவர் ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிறார்: "எந்த டேட்டா? முன்னாடி எவ்வளவு இருந்துச்சு? யார் அளந்தாங்க?" அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பிக்கிறார்.

மற்ற வேலைகளுக்கு இப்படி அடித்துவிட்டால் அது வெறும் பீலா. இந்த வேலைக்கு அடித்துவிட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதை. ஏனென்றால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்பதுதான் வேலையே! ஒரு கம்பெனியில் ஓர் எண் எங்கே பிறந்தது, அதற்கு என்ன அர்த்தம், யார் பொறுப்பு, யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்... இதற்கெல்லாம் பதில் எழுதி வைத்து, அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் டேட்டா கவர்னன்ஸ் என்று பெயர். பிறந்த இடம் தெரியாத எண்ணைத் தன் ரெஸ்யூமேயில் வைத்திருப்பவர் ஊரார் எண்ணுக்குக் காவல் இருக்கப் போகிறாராம்!

"ஒரு வரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று சிலர் கேட்கலாம். லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த 2008 நெருக்கடியில் பல பெரிய வங்கிகளால், தங்கள் பணம் யாரிடம் மொத்தம் எவ்வளவு மாட்டியிருக்கிறது என்று வேகமாகக் கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு கணக்கு. அந்த அனுபவத்தில்தான் 2013 ஜனவரியில் பாசல் கமிட்டி, பிசிபிஎஸ் 239 என்ற கோட்பாடுகளை வெளியிட்டது. 2020-ல் அமெரிக்காவின் வங்கிக் கண்காணிப்பு அமைப்பு சிட்டிபேங்க்குக்கு 40 கோடி டாலர் அபராதம் போட்டபோது, சொன்ன காரணங்களில் ஒன்றாக டேட்டா கவர்னன்ஸ் பெயர் சொல்லியே இருந்தது. இந்தியாவிலும் 2023-ல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆக, இது அலங்காரப் பதவி இல்லை. தப்பான ஆள் உட்கார்ந்தால் யாரோ பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் உண்மையில் வயிற்றெரிச்சல்.

பிகாம் முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பெண்ணின் ரெஸ்யூமேயை எடுத்துப் பாருங்கள். "டேலி, எக்செல், டேட்டா என்ட்ரி." நாலே வார்த்தை! அவள் செய்தது என்ன? மாதாமாதம் கிளையன்ட்டின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிட்டாள். ஜிஎஸ்டி நம்பருக்கு 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் நம்பர், கடைசி இடம் சரிபார்ப்புக்கு. ரிஜிஸ்டரில் ஓர் எழுத்து பிசகினாலும் இரண்டும் பொருந்தாது. இன்புட் டாக்ஸ் க்ரெடிட் அந்தரத்தில் தொங்கும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்து, சப்ளையருக்கு நாலு தடவை போன் போட்டு, திருத்த வைத்தாள். ஒரே சப்ளையர் 'ஸ்ரீ' போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை பதிவாகி, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போக இருந்ததைத் தடுத்தாள்.

இதற்கு மாஸ்டர் டேட்டா, டேட்டா தரம், ஸ்டூவர்ட்ஷிப் என்றெல்லாம் பெரிய கம்பெனிகளில் பெயர் வைத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தடமாகப் பதிவாக வேண்டும் என்று விதி. கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. இதெல்லாம் காமர்ஸ் மாணவர்கள் தினம் புழங்குகிற விஷயம். ஆனால் அவள் "டேட்டா என்ட்ரி" என்று எழுதி ஒதுங்கிவிட்டாள். இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு பார்த்தவர் "டேட்டா கவர்னன்ஸ் ஸ்பெஷலிஸ்ட்" என்று எழுதி முன்னால் நிற்கிறார். என்ன நியாயம் இது?

அவள் எப்படி எழுதியிருக்கலாம்? இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

வழக்கமான வரி: "டேட்டா கவர்னன்ஸ் ஃபிரேம்வொர்க்கை வடிவமைத்து, ஸ்டேக்ஹோல்டர்களுடன் இணைந்து, டேட்டா தரத்தை 40 சதவீதம் உயர்த்தினேன்."

உண்மையான வரி: "மூன்று கிளையன்ட்களின் 1,200 சப்ளையர் பதிவுகளை ஜிஎஸ்டி நம்பர், பான் கொண்டு சரிபார்த்தேன். 86 இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து, ஆடிட்டர் ஒப்புதலுடன் ஒன்றாக்கினேன். புதுப் பதிவு திறக்கும் முன் பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்களைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தேன்." (எண்கள் உதாரணத்துக்கு. அவரவர் எண்ணை அவரவர் எண்ணிப் போட வேண்டும்!)

இரண்டாவதில் எந்த டேட்டா, எவ்வளவு, என்ன கோளாறு, கடைசியில் என்ன விதி மிஞ்சியது, எல்லாம் இருக்கிறது. முக்கியமாக "ஆடிட்டர் ஒப்புதலுடன்" என்ற இரண்டு வார்த்தைகள். முடிவெடுத்தது யார், செய்தது யார் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் கவர்னன்ஸ் புரிந்திருக்கிறது. அந்த இரண்டு வார்த்தைகளை வெட்டிவிட்டு எல்லாப் பெருமையையும் தன் தலையில் சூட்டிக்கொண்டால், அனுபவமுள்ளவர் கண்ணில் உடனே மாட்டும்.

இனி வழக்கமான சமாதானங்கள்.

1. "ரெஸ்யூமேயை முதலில் மெஷின்தான் படிக்குது, கீவேர்ட் வேணும்." சரி, போடட்டும். மேலே உள்ள உண்மையான வரிக்கு முன்னால் "மாஸ்டர் டேட்டா தரம்" என்று மூன்று வார்த்தை சேர்த்தால் மெஷினும் படிக்கும், மனுஷனும் நம்புவான். கொலிப்ரா, இன்ஃபார்மேட்டிகா, பர்வியூ என்று சந்தையில் காய்கறி அடுக்குவது போல டூல் பெயர்களை அடுக்குவதால் என்ன லாபம்? அதில் என்ன செய்தார் என்று ஒரு வரி வேண்டாமா?

2. "சர்டிஃபிகேட் இருக்கே!" தாராளமாகப் போடலாம், அதற்குரிய இடத்தில். டாமா அமைப்பின் கையேட்டின் இரண்டாம் பதிப்பு (2017) இந்தத் துறையை 11 பகுதிகளாகப் பிரிக்கிறது. பதினொன்றையும் படித்தவர் உண்டு. ஆரம்ப நிலையில் பதினொன்றிலும் வேலை செய்தவர் யார்? செய்த இரண்டை மட்டும் எழுதினால் கௌரவம் குறையாது.

3. "எங்ககிட்ட எண்ணே இல்லையே." சதவீதம் இல்லாமல் போகலாம். ஆனால் எத்தனை பதிவு, எத்தனை ஃபைல், எத்தனை மாதம் என்பது எல்லோரிடமும் இருக்கும். எண்ணினால் போதும், கண்டுபிடிக்க வேண்டாம்.

4. "எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க." இதற்குப் பதிலே தேவையில்லை. கல்லூரி பிளேஸ்மென்ட் செல் கொடுக்கிற மாதிரிப் படிவமும் அதையே எழுதுகிறது, ஏஐ-யிடம் கேட்டால் அதுவும் அதையே எழுதுகிறது. நூறு ரெஸ்யூமேயில் ஒரே வரி இருந்தால் அந்த வரிக்கு என்ன மதிப்பு?

கடைசியாக ஒன்று. உண்மையாக எழுதுகிறேன் பேர்வழி என்று கிளையன்ட் பெயரையும் அவர்களுடைய ஷீட்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். "ஒரு ஜவுளி மொத்த வியாபாரி" என்றால் போதுமே! அடுத்தவர் டேட்டாவைக் காட்டி டேட்டா காக்கும் வேலை கேட்பதை என்னவென்று சொல்வது?

ரெஸ்யூமேயும் ஒரு டேட்டாதான். ஒரே பக்கம், ஒரே ஓனர். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் "இது எங்கிருந்து வந்தது?" என்று எழுதிப் பார்க்கட்டும். பதில் இல்லாத வரியை அடித்துவிடட்டும். ஆடிட்டர் ஆபீஸ் பெண்ணின் பக்கத்தில் நிறைய புது வரிகள் முளைக்கும். 40 சதவீதக்காரரின் பக்கத்தில் பெயரும் போன் நம்பரும் மிஞ்சினால் பெரிய விஷயம்!