சிங்கப்பூர் பக்கத்து ஊர் அல்ல

சிங்கப்பூர் வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் உறவினர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் தொடங்கி அலுவலகக் கேன்டீன் வரை எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “சிங்கப்பூர்தானே, நம்ம ஊர் மாதிரிதான்.” திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்தில் போய்விடலாம். தமிழ் உண்டு, கோயில் உண்டு, இட்லி உண்டு, குளிர் இல்லை. அமெரிக்கா, கனடா போகிறவர்கள் ஆறு மாதம் விசாரித்து ஏற்பாடு செய்கிறார்கள். சிங்கப்பூர் போகிற குடும்பமோ இந்தப் பேச்சை நம்பி இரண்டே வாரத்தில் பெட்டி கட்டிவிடுகிறது. அதன் விலையைப் பிறகு கொடுக்கிறது. ஆகவே இந்த நம்பிக்கையின் ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்ப்பது அவசியம்.

“தமிழ் ஆட்சிமொழி. மொழிப் பிரச்சினையே இல்லை.”

நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்பது உண்மை. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி, அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நிர்வாகம், நீதிமன்றம், அலுவலகம், மருத்துவமனை எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த தொகையில் இந்தியர்கள் 9 சதவீதம். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 சதவீதம் மட்டுமே. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கத் தமிழ் போதும். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கப் போதாது.

இன்னொன்றும் உண்டு. மொழி ஒன்று என்பதால் உறவு தானாக வந்துவிடாது. அங்குள்ள தமிழர்களில் பலர் மூன்று, நான்கு தலைமுறையாகச் சிங்கப்பூரர்கள். “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டால் ஈசூன் என்பார்கள், தெம்பனிஸ் என்பார்கள். அதுதான் அவர்கள் ஊர். அந்தத் தமிழ் வாழ்வைக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள். புதிதாக வருகிறவர் அங்கே விருந்தாளியாக நுழைகிறார். அந்த அடக்கத்தோடு நுழைந்தால் நட்பு கிடைக்கும்.

“வேலை கிடைத்தால் போதும், குடும்பம் தானாக வந்துவிடும்.”

மிகப் பெரிய ஏமாற்றம் இங்கேதான். உயர்நிலை ஊழியருக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிதித் துறையில் 6,200. ஆனால் மனைவியையோ குழந்தையையோ டிபென்டன்ட் பாஸில் அழைத்துவர 6,000 வெள்ளி வேண்டும். 5,600க்குக் கையெழுத்திட்ட இளைஞர் வேலைக்குப் போகலாம். மனைவியை உடன் வைத்துக்கொள்ள முடியாது. பெற்றோரை நீண்ட காலத்துக்குத் தங்கவைக்க வேண்டுமானால் 12,000. கட்டுமானத் துறையில் ஒர்க் பெர்மிட்டில் உழைக்கும் நம் தொழிலாளிக்கோ குடும்பத்தை அழைத்துவரும் வழியே கிடையாது.

மனைவி வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 2021 மே மாதத்துக்கு முன்பு, டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் எளிய ஒப்புதல் கடிதத்தோடு வேலைக்குச் சேர முடிந்தது. இப்போது பெரும்பாலும் அவரும் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும். ஊரில் பத்து ஆண்டு ஆசிரியராகவோ பொறியாளராகவோ இருந்த பெண், அங்கே வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு சம்பளக் கணக்கோடு கிளம்பிய குடும்பம் ஒரு சம்பளத்தில் நிற்கிறது.

வயது ஏற ஏற எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான தகுதிச் சம்பளமும் ஏறுகிறது. நாற்பத்தைந்தில் அது 10,700 வெள்ளி. போதாக்குறைக்கு 2023 செப்டம்பரில் காம்பஸ் என்னும் புள்ளி முறை வந்தது. 40 புள்ளி தேவை. அதில் ஓர் அளவுகோல், அந்த நிறுவனத்தின் உயர்நிலை ஊழியர்களில் உங்கள் நாட்டவர் எத்தனை பேர் என்பது. கால் பங்கோ அதற்கு மேலோ இருந்தால் அந்த அளவுகோலில் புள்ளி பூஜ்யம். சிறு நிறுவனங்களுக்கு இதில் சலுகை உண்டு. “அந்தக் கம்பெனி முழுக்க நம்ம ஆட்கள்” என்று மகிழ்ச்சியோடு சொல்கிறோமே, அதுவே விண்ணப்பத்துக்குப் பாதகமாகலாம்.

“வரி குறைவு. சம்பளம் அப்படியே மிச்சம்.”

ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. உச்ச விகிதமே 24 சதவீதம். இதில் பொய் இல்லை. மிச்சம் என்பதில்தான் கணக்கு தவறுகிறது.

மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். 55 வயது வரையிலான உள்ளூர் ஊழியர் 20 சதவீதம் போட, முதலாளி 17 சதவீதம் போடுகிறார். வெளிநாட்டவருக்கு இரண்டும் கிடையாது. கையில் வரும் தொகை பெரிதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்; ஓய்வுக்காலச் சேமிப்பு முழுதும் உங்கள் தலையில். மருத்துவத்திலும் அரசு மானியம் இல்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் ஊழியருக்குக் காப்பீடு எடுக்கச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. குழந்தைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதும், கிடைத்தால் கட்டும் கட்டணமும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளது போல் இராது.

வாடகையைப் பாருங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் இரண்டு மாத வாடகை முன்பணம் என்பது வழக்கம். முத்திரைத் தீர்வை வாடகைக்கு வருபவர் தலையில். வேலை போனால் ஒப்பந்தத்தை முறிக்க உதவும் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ பெரும்பாலும் முதல் ஆண்டு முடிந்த பிறகுதான் செல்லும். அதற்கும் இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும்.

இப்போது வேலை போகிற நாளை நினைத்துப் பாருங்கள். பாஸ் ரத்தானதும் நாட்டில் தங்கப் பொதுவாகக் கிடைப்பது 30 நாள். மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கப்படுவதில்லை என்பதால், வரி பாக்கி நிற்கும். வெளிநாட்டு ஊழியர் விலகினால், முதலாளி வரித்துறைக்கு ஒரு மாதம் முன்பே தெரிவித்து, கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. ஆக, விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு, மீதி வாடகை, பள்ளி மாற்றம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போது கடைசிச் சம்பளம் கைக்கு வராது. இது எந்த முதலாளியின் கொடுமையும் அல்ல, முறையே அப்படி. தெரிந்தவர் பணம் எடுத்துவைக்கிறார். தெரியாதவர் கடன் வாங்குகிறார்.

“சில வருஷத்தில் பி.ஆர். வாங்கிவிடலாம்.”

பி.ஆர். என்னும் நிரந்தரவாசத் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. இத்தனை ஆண்டு இருந்தால் கிடைக்கும் என்ற விதி இல்லை. மறுத்தால் காரணமும் சொல்லமாட்டார்கள். அது கிடைக்காதவரை சொந்த வீடும் கனவுதான்: வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் முத்திரைத் தீர்வை 60 சதவீதம்.

கிடைத்தாலும் யோசிக்க வேண்டியது ஒன்று. பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் மகன் கட்டாயப் படைப் பணியான தேசிய சேவையைச் செய்தாக வேண்டும். பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டைத் தொட்டதும் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. செய்யாமல் பி.ஆரை விட்டு விலகினால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். ஐந்து வயதுப் பையனுக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து இது. இரட்டைக் குடியுரிமையை இந்தியாவும் ஏற்பதில்லை, சிங்கப்பூரும் ஏற்பதில்லை.

“வெயில் நமக்குப் பழகியதுதானே.”

நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் ஊர். அக்னி நட்சத்திரம் இல்லை; மார்கழிக் குளிரும் இல்லை. ஆண்டு முழுக்க ஈரக்காற்று. தோல் செருப்பும் பட்டுப் புடவையும் அலமாரிக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். 2020இல் டெங்கு பாதிப்பு 35,000 பேரைத் தாண்டியது. பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரில் கொசுப்புழு இருந்தால் சோதனைக்கு வரும் அதிகாரி அபராதம் எழுதுவார். 2013 ஜூனில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் காற்று மாசுக் குறியீட்டை 401 வரை ஏற்றியது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் பெற்றோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தனையும் சொல்வது போகாதீர்கள் என்பதற்காக அல்ல. இரவு பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் தனியாக எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும் நகரம் அது. லஞ்சமில்லாமல் வேலை நடக்கிறது. விதிகளையும் அந்த நாடு ஒளித்துவைக்கவில்லை. மனிதவள அமைச்சின் இணையதளத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கவிடாமல் செய்வது நம்முடைய அலட்சியப் பேச்சு.

ஆகவே கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: குடும்பத்துக்கு டிபென்டன்ட் பாஸ் கிடைக்கும் சம்பளமா, மருத்துவக் காப்பீடு யார் யாருக்கு, வேலையை விட எத்தனை மாத நோட்டீஸ்? வீட்டில் கேளுங்கள்: ஒரு சம்பளத்தில் ஓட்ட முடியுமா, ஆறு மாதச் செலவுக்குத் தனிப் பணம் இருக்கிறதா, மகனின் தேசிய சேவைக்குச் சம்மதமா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை இங்குள்ள வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.