மரத்தை முறித்தது யார்? கொடைக்கானல் காட்டில் ஒரு துப்பறியும் பாடம்!

நைட் ஷிஃப்ட்டில் யூடியூபைத் திறந்தால் 'பிக்ஃபுட்' வீடியோ ஒன்றாவது வந்து நிற்கிறது. அமெரிக்கக் காட்டில் மரம் முறிந்து கிடக்கும். 'இது அந்த ராட்சதக் குரங்கு மனிதன் வேலைதான்' என்று ஒருவர் கிசுகிசுப்பார். எனக்கு உடனே பழநி மலைதான் ஞாபகம் வரும். முறிந்த மரத்துக்கு அங்கே என்ன பஞ்சம்?

'பிக்ஃபுட்' என்ற பேர் பரவியது 1958-ல், கலிஃபோர்னியாவில் சாலை போட்ட இடத்தில் தெரிந்த பெரிய காலடித் தடங்களால். 2002-ல் அங்கே வேலை எடுத்த ஒப்பந்ததாரர் இறந்ததும், அவர் குடும்பமே மரத்தில் செதுக்கிய பாதங்களை எடுத்துக் காட்டியது! இமயமலை 'எட்டி'யின் எலும்பு, முடி என்று சொல்லப்பட்ட 9 மாதிரிகளை 2017-ல் டி.என்.ஏ சோதனை செய்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய்.

சரி, நம்ம மலைக்கு வருவோம். முறிந்த மரத்தை எப்படிப் படிப்பது?

* பட்டை நார் நாராகத் தொங்குகிறது, தலைக்கு மேலே கிளை ஒடிந்திருக்கிறது: யானை.

* இடுப்பு உயரத்தில் பட்டை தேய்ந்திருக்கிறது: கொம்பின் மேல்தோல் உரியும் பருவத்தில் கடமான் உரசியது.

* மேல்நோக்கி வரிவரியாக நகக்கீறல்: தேனுக்காக ஏறிய கரடி.

* பல மரங்கள் வேரோடு ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன: காற்று. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலில் செய்தது இதைத்தான்.

பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் விவசாயிகளுக்கு இதில் மர்மமே இல்லை. விடிந்து பார்த்தால் வாழை சாய்ந்து கிடக்கும். யார் வந்தது என்று தெரியும்; போனது வருஷத்து உழைப்பு என்பதும் தெரியும்.

நமக்குத்தான் தெரிவதில்லை. யானை நடமாட்டம் இருக்கிறது என்று வனத்துறை பேரிஜம் சாலையை மூடினால் முணுமுணுக்கிறோம். ஒரு டன் வரை எடையுள்ள காட்டுமாட்டின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம்.

அடுத்த முறை உடைந்த கிளையைப் பார்த்தால், ஒடிந்த இடம் பச்சையாக இருக்கிறதா, பக்கத்தில் லத்தி ஈரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், உடைத்தவர் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறார். ரீல்ஸ் அப்புறம் எடுக்கலாம். சத்தம் போடாமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள்!