ஏழையின் பங்கும் கணினி நாணயமும்

மேட்டூருக்கு அருகேயுள்ள மேச்சேரியை அறியாத ஆட்டு வியாபாரி சேலம் மாவட்டத்தில் இருக்க மாட்டார். செந்நிற உடலும் உயர்ந்த தோலும் கொண்ட மேச்சேரிச் செம்மறியை ஆராய்வதற்கென்றே பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! ஜக்காத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆடு வளர்க்கும் ஊரைவிடப் பொருத்தமான இடம் ஏது? மேய்ச்சலில் வளரும் ஆடுகள் நாற்பது இருந்து ஓராண்டு நிறைந்தால் ஏழைக்கு ஓர் ஆடு. 121 ஆனால் இரண்டு. 201 ஆனால் மூன்று. ஆட்டின் ஜக்காத்தை ஆடாகவே ஓட்டி வந்தவர்கள் அக்காலத்து ஆமில்கள், அதாவது ஜக்காத் வசூலிப்போர். ஓட்டி வரும் வழியில் ஆடு மாண்டுவிட்டால், அவர் காவலில் அசட்டை இருந்ததா என்பதே கேள்வி.

அதே கேள்வி இன்று வேறோர் உருவில் நம் ஜமாஅத்துகளின் வாசலுக்கு வருகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் உங்கள் மகன், "அத்தா, என்னிடம் பிட்காயின் இருக்கிறது, அதிலேயே ஜக்காத்தை நம் பள்ளிவாசல் பைத்துல்மாலுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் சொல்வீர்கள்? எந்த அரசும் அச்சிடாத, கணினிகளின் கணக்கேட்டில் மட்டுமே வாழ்கிற நாணயம் அது. கிரிப்டோ என்பார்கள்.

மார்க்க அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் தலைமை முப்தியாயிருந்த ஷவ்கீ அல்லாம் இதைக் கூடாதென்றார். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்று தீர்ப்பளித்தது. லண்டன் மாநகரில் ஷேக்கிள்வெல் லேன் பள்ளிவாசலோ 2018 ரமலானில் இதைப் பெற்றுக்கொண்டது. ஏறத்தாழ 14,000 பவுண்டு மதிப்புக்கு வந்தது. வழக்கமான வழியில் வந்த காணிக்கை அதில் நான்கில் ஒரு பங்குதான். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள் என்பதற்கு மேல் இதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

நாம் சொல்ல வந்தது நிர்வாகத்தைப் பற்றி. 2021 ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாம் அலை நம் நாட்டை உலுக்கியபோது, சந்தீப் நைல்வால் என்ற இந்தியத் தொழில்முனைவர் கிரிப்டோ நன்கொடை திரட்ட ஒரு நிதியைத் தொடங்கினார். அடுத்த மாதமே, எதிரியம் வலையமைப்பை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின் 'ஷிபா' என்னும் நாணயத்தை அதற்கு அள்ளிக் கொடுத்தார். அன்றைய விலையில் அதன் மதிப்பு 100 கோடி டாலருக்கும் மேல்! ஆனால் விற்கத் தொடங்கினால் விலை சரியும்; எனவே மெல்ல மெல்லத்தான் விற்க வேண்டியிருந்தது. விற்ற பணத்தையும் விரும்பியபடி விரைந்து பகிர்ந்தளிக்க நம் அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் இடம் தரவில்லை. 2022 தொடக்கத்தில், அதில் 10 கோடி டாலர் விட்டாலிக்கிடமே திருப்பி அனுப்பப்பட்டது. பிராணவாயுவுக்கு மக்கள் தவித்த நாட்டில் இப்படி நேர்ந்தது. கொடுத்தவர் மீதும் குறையில்லை. பெற்றவர் நோக்கிலும் பழுதில்லை. வாங்கும் வழியை முன்கூட்டியே செப்பனிட்டு வைக்காததே இடர்.

பெரும் செல்வமும் சட்ட ஆலோசகர்களும் உள்ளவர்களுக்கே இந்நிலை என்றால், அஸர் தொழுகைக்குப் பின் உண்டியலைத் திறந்து பாய் விரித்து எண்ணுகிற நம் நிர்வாகிகளின் நிலை என்ன? வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே அனுப்பும் தொகை அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அதே மகன் கிரிப்டோவாக அனுப்பினால் 'வங்கி வழி' என்று எப்படி வாதிடுவது? வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுப்பதாயின் உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கணக்கில்தான் வந்திறங்க வேண்டும். இந்தியாவில் கிரிப்டோவை விற்று வரும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி; அவ்வாண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு முன்பிடித்தம்.

ஆகவே மகனுக்கு நாம் சொல்லும் பதில் எளியது. "நீயே விற்றுவிடு, வரியைக் கட்டு, கணக்குப் பார்த்து ஏழையின் பங்கை ரூபாயாக வங்கி வழியே அனுப்பு." பொருளுக்குப் பதில் அதன் மதிப்பைக் கொடுக்கலாம் என்பது ஹனபி மத்ஹபின் நிலை. ஷாபிஈகள் ஆலிமிடம் தெளிவு பெறுக.

நாணயமாகவே வாங்கத்தான் வேண்டும் என்று ஏதேனும் ஓர் அறக்கட்டளை துணிந்தால், சட்டம் அறிந்த தணிக்கையாளரிடம் முதலில் ஒப்புதல் பெறட்டும். பிறகு சாவி. இந்தப் பெட்டகத்தின் சாவி பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்களாகும். அது எழுதிய காகிதம் தொலைந்தால் பொருளும் தொலைந்தது. முறையிட வங்கி மேலாளரும் இல்லை, மேலிடமும் இல்லை. முத்தவல்லியின் மகனுடைய கைப்பேசியில் மட்டும் அது இருக்குமானால் அதற்குப் பெயர் பைத்துல்மால் அன்று. மூவரில் இருவர் ஒப்பினால் மட்டுமே திறக்கும் ஏற்பாடு இத்துறையில் உண்டு. இரட்டைப் பூட்டு உண்டியலுக்குப் பழகிய நமக்கு அது புதிதுமன்று.

வந்த நாளிலேயே விற்றுவிட வேண்டும் என்பது அடுத்தது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், மறு நவம்பரில் 16,000க்கும் கீழே போயிற்று. "விலை ஏறட்டும்" என்று காத்திருக்க ஏழை நமக்கு அனுமதி கொடுத்தானா? ஏறிவிட்டால்? அந்த ஏற்றமும் ஏழையினுடையதே. ஜக்காத் வசூலிக்கச் சென்றவர், "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்ற பொருள்படப் பிரித்துக் காட்டியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்ததை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

ரமலான் பிறை தோன்றுமுன் உங்கள் நிர்வாகக் குழு கூடும் அல்லவா? எவர் கையில் சாவி, எந்த நாளில் விற்பனை, எந்தக் கணக்கில் வரவு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். எழுத முடியவில்லையாயின், இவ்வாண்டு ரூபாய் மட்டுமே வாங்கப்படும் என்று பள்ளிவாசல் பலகையில் எழுதட்டும்.